நாளைக்காரர் வீட்டு நாய்

எழுதிப் பழக்கம் இல்லாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். படிப்பு பத்தாவது வரைக்கும்தான். மாட்டாஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. இதுவரை நான் எழுதியதெல்லாம் 'வெள்ளாடு இரண்டு, கழிச்சல்', 'பசு ஒன்று, நஞ்சுக்கொடி விழவில்லை' என்று சீட்டில் எழுதிய வரிகள்தான். ஒரு மனிதரைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். ஆனால் அவர் சொன்ன ஒன்றைக் கேட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் நான். ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சோற்றில் கையை வைத்தபடி வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று என் மனைவி இப்போதும் சொல்வாள். என்ன விஷயம் என்று அவளிடமும் சொன்னதில்லை. எனக்கு வாயால் சொல்ல வராது.

அப்போது நயினார்கோவிலுக்கு மேற்கே ஒரு ஊரில் வேலை பார்த்தேன். அவர் வீடு ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெரு. நெல்லும் மிளகாயும் போடுகிற சம்சாரி. அறுபது வயது இருக்கும். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். 'நாளைக்காரர்' என்பார்கள். எதிரிலேயே சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாப்போம்" என்பார். முடியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சரி என்று சொல்லியும் கேட்டதில்லை.

நான் அந்த ஊருக்குப் போன முதல் நாள், துண்டைத் தாடையோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் மாட்டோடு நின்றார். யாரோ அடிபட்டவர் என்று நினைத்தேன். கடைவாய்ப் பல் சொத்தையாம். மூன்று வருஷம் கழித்தும் மாதத்தில் நாலைந்து நாள் அந்தத் துண்டுக்கட்டு இருக்கும். பரமக்குடியில் பல் டாக்டர் இருக்கிறார். பத்தரை மணி பஸ் அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். டிரைவர் அங்கே வந்ததும் வேகத்தைக் குறைப்பார். கண்டக்டர் படியில் நின்று, "என்னண்ணே, இன்னைக்காவது ஏறுறீகளா?" என்று கேட்பார். இவர் வாயைத் திறக்க முடியாமல் கையை மட்டும் ஆட்டுவார். பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே போவார்கள்.

ஒரு வருஷம் மிளகாய் வத்தலுக்கு நல்ல விலை வந்தது. ஊரே வண்டி பிடித்து ஏற்றியது. இவர் சாக்குகளை வீட்டுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு நாளைக்கு, நாளைக்கு என்றார். மழைக்காலம் வந்தது. ஈரம் ஏறி வத்தல் சிவப்பு போய் வெளுத்துவிட்டது. அவர் மனைவி ஒரு கை அள்ளி என்னிடம் காட்டினார். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன்.

"பாருங்க தம்பி, தும்மல் வருதா? வராது. இந்த மனுசனைக் கூட்டிட்டுப் போக எமன் வந்தாக்கூட, 'நாளைக்கு வாங்க, இப்ப மாட்டுக்குத் தண்ணி காட்டணும்'னு அனுப்பி வச்சிருவாரு."

அவர் முற்றத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்ல?" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நானும் எதையும் நேரே சொல்லத் தெரியாதவன். மாரியூரில் பிறந்தும் கடலுக்குப் போனால் எனக்குக் குமட்டும். 'நான் வரவில்லை' என்று என் அண்ணனிடம் சொல்ல முடியாமல் மூன்று வருஷம் வலை இழுத்திருக்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச வேண்டிய அவசியம் இல்லை. அது எனக்கு ஆறுதல்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஊரில் எல்லா ஆம்பிளைகளும் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். இவர் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் படாது. முடி பனைநார் மாதிரி நிற்கும். ஒரு தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கப் போனபோது மதினி சொன்னார்.

"கல்யாணம் ஆன மொத தீபாவளிக்கு எண்ணெய்க் கிண்ணத்தோட பொழுது விடியுறதுக்கு முன்னால நின்னேன் தம்பி. நாளைக்குத் தேச்சுக்கிறேன்னாரு. முப்பத்தஞ்சு தீபாவளி போயிருச்சு. அந்த நாளை இன்னும் வரல."

நான் சிரித்தேன். முற்றத்தில் இருந்த அவர் சிரிக்கவில்லை. அன்று அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

அந்த நாய் அந்த வீட்டில் இருந்ததுகூட நாளைக்கு என்ற சொல்லால்தான். கண்மாய்க்கரையில் யாரோ விட்டுப்போன குட்டி. அவர் பின்னாலேயே வீடு வரை வந்துவிட்டது. கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்படி மதினி சொல்ல, "நாளைக்கு விட்டுருவோம்" என்றிருக்கிறார். அப்படியே பதினோரு வருஷம். அது சாப்பிடாமல் வாந்தி எடுக்கிறது என்று அவர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்த அன்று, எங்கள் டாக்டரம்மா பெயர் கேட்டார். வேறு ஜில்லாக்காரப் பெண், அதுதான் முதல் வேலை.

"நாய் பேரு என்னய்யா?"

"இன்னும் வைக்கல தாயி."

"வயசு?"

"பதினொண்ணு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப எப்படிக் கூப்பிடுவீங்க?"

"ஏலேன்னா வரும்."

சீட்டில் 'நாய் ஒன்று, ஏலே' என்று எழுதினேன்.

ரத்தம் எடுத்து ராமநாதபுரத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்று தெரிந்தது. குணமாகாது, ஓட்டலாம் என்றார் டாக்டரம்மா. எட்டு மாதம் ஓட்டினோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து போய், தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வருவேன். என் வேலையே பிடித்துக்கொள்வதுதான். டாக்டர் ஊசி போடுவார், நான் பிடித்துக்கொள்வேன். மாடு, ஆடு, கழுதை எல்லாம் பிடித்திருக்கிறேன். ஆனால் தனியாகப் போகிற இடத்தில் ஊசியையும் நானே குத்த வேண்டும், தலையையும் பிடிக்க வேண்டும் என்றால் கை போதாது.

"அண்ணே, தலையை மட்டும் கொஞ்சம் மடியில வச்சுப் பிடிச்சுக்கிறீங்களா?" என்று முதல் நாள் கேட்டேன்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று எழுந்து போய்விட்டார். மாடு அப்போதுதான் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருந்தது. எட்டு மாதமும் மதினிதான் தலையைப் பிடித்தார்.

மற்றபடி அந்த நாயை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். வாந்தியைத் தன் துண்டால் துடைப்பார். வெயில் நகர நகர நாயைச் சாக்கோடு நிழலுக்கு இழுத்துப் போடுவார். கஞ்சியை ஆற்றி விரலால் ஊட்டுவார்.

மாசி மாதம் பிறந்த பிறகு கஞ்சி இறங்கவில்லை. வாய்க்குள் புண். பக்கத்தில் போனாலே நாற்றம் அடிக்கும். இரண்டு முறை வலிப்பு வந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். குடிக்க வாயை வைக்கும், எரியும், எடுத்துவிடும். திரும்ப வைக்கும். டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார்.

"இதுக்கு மேல வச்சிருக்கிறது பாவம்யா. ஊசி போட்டுத் தூங்க வச்சிரலாம். வலிக்காது. தூங்குற மாதிரித்தான்."

"அப்படித்தான் சொல்லுவாக தாயி" என்றார். பிறகு, "நாளைக்குப் பாப்போம்" என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் வேண்டாம் என்றார். புதன்கிழமை பாட்டிமை, ஆகாத திதி. வெள்ளிக்கிழமை எந்த வீட்டில் உயிரை வெளியே அனுப்புவார்கள்? சனிக்கிழமை பேச்சே கூடாது, சனிப்பொணம் துணை தேடும். அடுத்து அமாவாசை.

"நாயிக்கு ஏதுய்யா நாளும் கிழமையும்" என்று மதினி கத்திவிட்டு உள்ளே போய் அழுதார். இரண்டு வாரம் இப்படியே போயிற்று. அது செத்தும் போகவில்லை. அவர் "ஏலே" என்றால் தலையைத் தூக்க முயலும். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

டாக்டரம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "தினம் அங்கதான உக்காந்திருக்கீங்க. எடுத்துச் சொல்லக்கூடாதா? அது அணுஅணுவாச் சாகுது."

எடுத்துச் சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் போவேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வார்த்தை தயாராக இருக்கும். அவர் முகத்தைப் பார்த்தால் போய்விடும். சொல்ல முடியாதவன் வேறு எதையாவது செய்வான். நான் செய்தது இது.

அந்த வெள்ளிக்கிழமை மாரியூர் போயிருந்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு தென்னை உண்டு. தண்ணீர்கூடக் குடிக்க முடியாத நாய், இளநீர் என்றால் வாய்ப்புண்ணுக்குக் குளிர்ச்சியாக இறங்குமே என்று நினைத்தேன். இரண்டு காய் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வீட்டு முற்றத்தில் வைத்தேன்.

"அண்ணே, எளநி கொண்டாந்திருக்கேன்."

அவர் நாயின் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். எழுந்தார். அவர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு காயையும் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக வேலிக்கு அப்பால் கருவேலங்காட்டுக்குள் வீசினார். பிறகு என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"யாரு கொண்டாரச் சொன்னது? டாக்டரம்மா சொன்னுச்சா? ஊர்ல சொன்னாகளா? யாருலே சொன்னது?"

மூன்று வருஷத்தில் என்னைத் தம்பி, வாங்க, போங்க என்று தவிர அவர் பேசியதில்லை. சட்டையின் மேல் பொத்தான் அறுந்து உரலுக்கு அடியில் உருண்டது. மதினி சொம்பும் கையுமாக வாசற்படியில் நின்றுவிட்டார்.

"யாரும் சொல்லலண்ணே. நானாத்தான். அதுக்கு வாய் எரியுதேன்னு."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கடற்கரைக்காரன், எனக்கு எதுவும் தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். சட்டையை விட்டார். கசங்கிய இடத்தை உள்ளங்கையால் நீவி விட்டார். பிறகு நாய்ப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கய்யா இங்கனதான் தம்பி கெடந்தாரு" என்றார். நாய் படுத்திருந்த இடத்தைக் கையால் காட்டினார்.

"ஏழு மாசம். ஒரு பக்கம் வெளங்கல. பேச்சு கொழறும். புரட்டாசில மழை எறங்கிருச்சு, விதைக்கணும். பெரியப்பா வந்து, 'எத்தனை நாளைக்கு வச்சுப் பாக்குறது, அவனுக்கும் செரமம், உங்களுக்கும் செரமம், சனிக்கிழமை குளிப்பாட்டிருவோம்'னாரு. எல்லாரும் தலையாட்டுனாக. எனக்கு இருபத்திரெண்டு வயசு. நானும் ஆட்டுனேன்."

குளிப்பாட்டுவதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மதினிக்குப் புரிந்துவிட்டது. சொம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எளநி வேணும்னாக. இந்தப் பக்கம் தென்னை ஏது? நான்தான் சைக்கிள்ல பரமக்குடி போயி ரெண்டு கொலை கட்டிக்கிட்டு வந்தேன். கண்மாய்க்கரையில வாறப்பவே எதுக்கால வந்தவுக பாத்துட்டு வழி விட்டு ஒதுங்குனாக. அப்பவே எல்லாருக்கும் தெரியும். கெடையில கெடக்குறவுகளுக்கு விடியுறதுக்கு முன்னால தலை நெறைய எண்ணெய், பச்சைத் தண்ணி, அப்பறம் பொழுதுக்கும் எளநி. அவ்வளவுதான். மேலு குளுந்து உசுரு அடங்கிரும். கேட்டா காய்ச்சல்னு சொல்லிக்கிறது."

நாய் இருமியது. அவர் அதன் வாயோரத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தலையை மகன்தான் பிடிக்கணும்னாக. மடியில வச்சுப் பிடிச்சேன். பெரியப்பா ஊத்துனாரு, நான் தேச்சேன். ஏழு மாசமா அவரு தலையில ஒருத்தரும் கை வச்சதில்ல தம்பி. கண்ணை மூடிக்கிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சுத் தொறந்து என்னைப் பாத்தாரு. கொழறித்தான் பேசுவாரு, அன்னைக்கு மட்டும் எனக்கு நல்லா வெளங்குச்சு. 'ஏலே, நல்லாருக்குடா. நாளைக்கும் தேச்சு விடுறியா'ன்னாரு."

மதினிதான் கேட்டார். "நீங்க என்ன சொன்னீக?"

"நாளைக்குப் பாப்போம்யான்னேன்."

என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பதினேழு வருஷமாகப் பிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற கைகள். பின்னால் கட்டிக்கொண்டேன். மூன்று வருஷமாக ஊரோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். கண்டக்டர் சிரித்தார், பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அல்லது வயதானவர்கள் சிலருக்குத் தெரிந்திருந்தும் சேர்ந்து சிரித்தார்களோ, அதுவும் எனக்குத் தெரியாது.

"மொத தீபாவளிக்குக் கிண்ணத்தோட நின்னேனே" என்றார் மதினி. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் அவர்.

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் இருந்திருக்கிறார், முப்பத்தைந்து வருஷமாக.

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க எத்தனையோ உசுரைப் பிடிச்சிருக்கீங்க. பிடிக்கிறப்ப அதுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வியை ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லாரும் கேட்பார்கள். தெரியாது, தூங்குகிற மாதிரிதான் என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியும்ணே. ஊசி தெரியாது. பிடிக்கிறவன் கை தெரியும். கை பயந்தா அதுவும் பயப்படும்."

நான் அவரிடம் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அதுதான் முதல்முறை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"எங்கய்யா போனதுகூட இருக்கட்டும் தம்பி. போக வேண்டிய வயசுதான். நாளைன்னு ஒண்ணு இருக்குன்னு நம்பிக்கிட்டே போனாரு பாருங்க. அதை நான்தான் சொன்னேன்."

குனிந்து நாயின் தலையைத் தூக்கினார். எட்டு மாதத்தில் முதல்முறையாகத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அது கண்ணைத் திறந்து பார்த்தது. வால் நுனி சாக்கின் மேல் இரண்டு முறை அசைந்தது.

"ஏலே" என்றார். "நாளைக்குக் காலையில டாக்டரம்மா வரும். ஊசி போடும். செத்துப்போவ. அதுக்கு மறுநாள்னு ஒண்ணு கெடையாது. நான் இங்கனதான் இருப்பேன்."

ஒரு நாயிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மனிதர்களிடமும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"நாளைக்குச் சனிக்கிழமை" என்றார் மதினி மெதுவாக.

"அன்னைக்கும் சனிக்கிழமைதான். இருக்கட்டும். வரச் சொல்லுங்க தம்பி."

தெருவுக்கு வந்து டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். காலையில் வருவதாகச் சொன்னார். வைக்கப் போகிற நேரத்தில், இளநீர் கொண்டுபோனேன், வாங்கவில்லை என்று மட்டும் சொன்னேன். வேறு எதையும் சொல்லவில்லை.

"கிட்னி போன நாய்க்கு இளநியா? பதினேழு வருஷம் சர்வீஸ்னு சொல்றீங்க, இதுகூடத் தெரியாதா? குடுத்திருந்தா அதுலயே போயிருக்கும்" என்றார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். வேலிக்கு அப்பால் கருவேலங்காட்டில் ஒரு காய் முள்ளில் மாட்டிக்கொண்டு பச்சையாகத் தெரிந்தது.

இப்போது தங்கச்சிமடத்தில் வேலை. வெயிலில் ஆடு மாடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர்கள் அன்பாக இளநீர் வெட்டி நீட்டுவார்கள். சர்க்கரை வியாதி என்று பொய் சொல்லிவிடுகிறேன்.

நான் போன் செய்த மறுநாள் சனிக்கிழமை. டாக்டரம்மா எட்டரை மணிக்கு வந்தார். தலையை அவரே மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார், காலை நான் பிடித்துக்கொண்டேன், டாக்டரம்மா ஊசி போட்டார். ஒன்பது மணிக்குள் முடிந்தது. வேம்புக்குக் கீழே குழி வெட்டி மூடினோம். பத்தரை மணி பஸ்ஸில் ஏறிப் பரமக்குடிக்குப் போய், அவர் அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.